துவைக்காத சட்டை

வேலைக்குப் போன புருஷன் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் வயிறு எரியாது?

அன்றும் தங்கராஜு தலை ஈரம் காயாமல், கமகமவென்று சோப்பு வாசத்தோடு வாசலில் வந்து நின்றான். இடுப்பில் பிள்ளையோடு வேலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எங்க குளிச்சிட்டு வரீங்க?”

“பெக்டரியிலதான். எண்பத்தஞ்சாம் வருஷம் பொறந்ததுலருந்து புது ரூல்ஸ். பேட்டரி வேலை முடிஞ்சா குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் கேட்டைத் தாண்டணும்.”

“ஓஹோ! தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுனப்போ அந்த நாத்தத்தோட வந்துதானே சோறு தின்னீங்க? அப்ப எங்க போச்சு இந்த ரூல்ஸு?”

பத்தாங் பெர்ஜுந்தை தோட்டத்தை விட்டு ரவாங் டவுனுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மனுஷனுக்கு இத்தனை மினுக்கா? மறுநாள் வேலை விடும் நேரம் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெக்டரி வேலியோரம் போய் நின்றாள் வேலம்மா.

நின்றது நல்லதாகப் போயிற்று. உள்ளே ஒரு கவுண்டர். பின்னால் மல்லிகைச் சரமும் மூக்குத்தியுமாக ஒரு பெண். தங்கராஜு தன் அழுக்குச் சட்டையைச் சுருட்டி அவளிடம் நீட்டுகிறான். அவள் வாங்கி வைத்துக்கொண்டு, எதையோ எழுதி, கையெழுத்துக்கு நோட்டைத் தள்ளுகிறாள். கையெழுத்துப் போடுகிற மனுஷனுக்கு வாயெல்லாம் பல்! போதாக்குறைக்கு, அவள் வேலிப் பக்கம் திரும்பிப் பிள்ளையைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். “யாரு அவ?”

“சந்திரிகாவா? ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. யார் துணி குடுத்தா, யார் குடுக்கல, யாருக்கு ரத்தம் எடுத்தாங்க, எல்லாம் அவதான் எழுதி வைக்கணும். பாவம், நல்ல பொண்ணு.”

அந்த ‘நல்ல பொண்ணு’தான் வினையாகிப் போனது.

“ரத்தம் வரைக்கும் எழுதி வச்சிருக்காளா? எம்புருஷன் வேர்வைச் சட்டைய கண்டவ தொடுறதா? நாளையிலருந்து சட்டை இந்த வீட்டுக்கு வரணும். வரலன்னா நானும் புள்ளையும் தோட்டத்துக்குக் கெளம்பிடுவோம்!”

கம்பெனி ரூல்ஸைவிட வேலம்மா ரூல்ஸ் பெரிது. தங்கராஜு “துணிதானே, என்ன வந்துடப் போவுது” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சட்டையைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுவர ஆரம்பித்தான்.

வேலம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்து வாங்கிய சட்டையை உடனே தண்ணீரில் முக்க மனமும் வரவில்லை. அப்பன் வாசம் பட்டால் மகன் பாலன் அழாமல் தூங்குவான் என்று அதைத் தொட்டிலில் விரித்துப் பிள்ளையைப் போட்டாள். அவன் அதை விட்ட பிறகுதான் துவைப்பாள். அப்போது கல்லில் அடி வாங்கியது சட்டையா சந்திரிகாவா என்று சொல்ல முடியாது. வாளித் தண்ணீர் சாம்பல் நிறமாக ஓடியது.

ஒரே ஒரு குறை. கொழுகொழுவென்று இருந்த பாலன் கொஞ்ச நாளாகச் சோறு இறங்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிணுங்கினான். முகமும் வெளுத்துக்கொண்டே போனது. வேலம்மாவுக்கா காரணம் தெரியாது? “அன்னிக்கு வேலியோரம் பார்த்துச் சிரிச்சாளே, அவ கண்ணுதான்!” என்று உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தங்கராஜு வேலைக்குப் போயிருந்த நேரம், வாசலில் மல்லிகை வாசம் வந்தது.

“தங்கராஜு அண்ணன் வீடு இதுதானேக்கா? நான் பெக்டரியிலருந்து வரேன். சந்திரிகா.”

“தெரியும். அவரு இல்ல.”

“அண்ணனைப் பார்க்க வரலக்கா. கொஞ்ச நாளா என் நோட்டுல அவரு பேருக்கு நேரா காலியாவே கெடக்கு. கேட்டா சிரிச்சு மழுப்புறாரு. அவரு சட்டை எனக்கு வேணும்.”

எனக்கு வேணுமாம்! வேலம்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது. வீடு தேடி வந்து அடுத்தவள் புருஷன் சட்டையைக் கேட்கிறவளைத் துடைப்பக்கட்டையால் சாத்தினாலும் தப்பில்லை. ஆனால் அதைவிட வலிக்கிற அடி ஒன்று அவள் கைவசம் இருந்தது.

“உள்ள வா. வந்து நல்லா பாரு!” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தொட்டில் முன்னால் நிறுத்தினாள்.

பாலன் அப்பன் சட்டை மேல் படுத்து, அதன் கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

“பார்த்தியா? அப்பன் போட்டுக் கழட்டுன சட்டை இல்லன்னா எம்புள்ள கண்ண மூட மாட்டான். இது எங்க குடும்பத்துச் சட்டை. உனக்கு இதுல என்னடி உரிமை?”

சந்திரிகாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாடா! இத்தனை நாள் எரிந்த வயிறு வேலம்மாவுக்கு ஒரு நொடியில் குளிர்ந்தது. இனி இவள் அழுதுகொண்டு ஓடுவாள் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

சந்திரிகா ஓடவில்லை. தொட்டிலுக்குள் கையை விட்டுப் பிள்ளையை வாரித் தூக்கினாள். அவன் வாயிலிருந்த சட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

“இது பூரா பேட்டரி ஈயத் தூளு, அக்கா! பெரியவங்களுக்கே வெஷம்னுதானே வீட்டுக்கு விடாம நாங்களே வாங்கித் துவைக்கிறோம்?”

பிள்ளையின் வெளுத்த முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“புள்ளைய எத்தனை நாளா இதுல போடுறீங்க?”