அரை ஸ்டாம்ப் இடது பக்கம்

"ஒரு ஸ்டாம்ப் அளவு மேல தூக்கு," என்று அவன் காதோரம் சொன்னாள் ஆர்லெட்டா.

கார்லண்ட் துப்பாக்கியைத் தூக்கினான்.

"ஸ்டாம்ப்னு சொன்னா பார்சல் அளவுக்குத் தூக்குற."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சிரித்தால் குழல் ஆடும்.

கென்டக்கி மலைக்காட்டில் அணில் வேட்டைப் பருவம் தொடங்கிய முதல் காலை. முப்பது அடி தூரத்தில் ஹிக்கரி மரத்தின் கிளையில் ஒரு சாம்பல் அணில் உட்கார்ந்து காயைக் கொறித்துக்கொண்டிருந்தது. ஓட்டுத் துணுக்குகள் சருகில் விழும் சத்தம் கார்லண்டுக்குக் கேட்டது. அணில் தெரியவில்லை. சர்க்கரை வியாதி அவன் இரண்டு கண்களையும் கொண்டுபோய் மூன்று வருஷமாகிறது.

அவனிடம் பதினோரு துப்பாக்கிகள் இருந்தன. எல்லாம் அணிலுக்கும் முயலுக்கும் ஆன சின்னக் குண்டு போடுகிறவை. ஒன்றுகூட கடையில் வாங்கியபடி இல்லை. ஒன்றுக்கு வால்நட் மரத்தில் புதுப் பிடிக்கட்டை செதுக்கியிருந்தான். ஒன்றுக்குப் புதருக்குள் சிக்காதபடி குழலை வெட்டிக் குறைத்திருந்தான். இன்னொன்றுக்கு, விரல் பட்டாலே போதும் என்கிற அளவுக்கு விசையை இளக்கியிருந்தான்.

பார்வை போனதும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் துப்பாக்கிகள் மாட்டியிருந்த சுவரைத்தான் பார்த்தார்கள். "இனிமே உனக்கு எதுக்குப்பா இது?" என்று ஆளாளுக்கு ஒன்றைக் காட்டிக் கேட்டார்கள். காட்டிய விரல் அவனுக்குத் தெரியாது என்பதைக்கூட மறந்துபோனார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவைத்தான்.

அப்புறம் ஒரு குளிர்காலம் முழுக்கப் பட்டறையில் உட்கார்ந்தான். வால்நட் கட்டை போட்ட துப்பாக்கியின் தலையிலிருந்து, குறிபார்க்கும் கண்ணாடிக் குழாயான ஸ்கோப்பைக் கழற்றினான். பழைய கேட்டின் கீலை அராவி ஒரு தாங்கி செய்து, அதில் ஸ்கோப்பை நாலு விரற்கடை வலப்பக்கம் தள்ளிப் பொருத்தினான். எல்லாம் தடவித் தடவித்தான். இரும்போடு சேர்த்துத் தன் விரலையும் இரண்டு தடவை அராவிக்கொண்டான். சுடுகிறவனின் தோளை ஒட்டி உட்கார்ந்திருப்பவர், குழல் எங்கே பார்க்கிறதென்று இப்போது பார்த்துச் சொல்லலாம். இப்படிச் சுடுவதற்கென்று அனுமதிச் சீட்டும் வாங்கிவிட்டான்.

போன வருஷம் நண்பர்கள் மூன்று பேர், ஒவ்வொரு சனிக்கிழமைக்கு ஒருவராக, கண்ணாக வந்தார்கள். அணில் ஸ்கோப்பில் தெரிந்ததும் மூன்று பேருமே தங்கள் துப்பாக்கியை எடுத்துத் தாங்களே சுட்டுவிட்டார்கள்.

"கை தன்னால போயிடுச்சுப்பா," என்றான் கடைசியாக வந்த பாய்ட், செத்த அணிலைக் கார்லண்டின் மடியில் வைத்தபடி.

சுடும் ஆசையே இல்லாத ஒரு ஜோடிக் கண் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்த மலைப்பக்கம் முழுவதிலும் அப்படி ஒரே ஒரு ஆள்தான் அவன் நினைவுக்கு வந்தாள். தபால் ஆபீஸ் ஆர்லெட்டா. போன் செய்தான். விஷயத்தைச் சொன்னான். பிறகு, "எத்தன மணிக்கு?" என்றாள்.

இப்போது ஒரு மணி நேரமாக அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் கொசு. கால் மரத்துப்போய்விட்டது. குண்டு தவறினால் அவன் தோளைக் குலுக்கிவிட்டு, "பரவாயில்ல விடு," என்பான். வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைச் சுவரில் மாட்டுவான். அப்புறம் அதை எடுக்கவே மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அரை ஸ்டாம்ப் இடது பக்கம்," என்றாள்.

குழல் நகர்ந்தது. ஸ்கோப்பின் சிலுவைக்கோடு அணிலின் காதடியில் போய் நின்றது.

"அப்படியே இரு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, சுடு."

சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். இலைகள் சலசலத்தன. தொப்பென்று சருகில் ஏதோ விழுந்தது.

கார்லண்டுக்கு அது கேட்டது. ஆனாலும், "விழுந்துச்சா?" என்று கேட்டான்.

ஆர்லெட்டா ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்திருந்தாள்.

"விழுந்துடுச்சு, கார்லண்ட். நான் சொன்ன எடத்துலயே பட்டுச்சு."

"நீ சொன்ன எடம். ஆனா நான் சுட்ட குண்டு."

"சரி, பாதிப் பாதி."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவர்கள் இதற்கு முன்பும் ஒரு தடவை பங்கு பிரித்திருக்கிறார்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால், விவாகரத்துக் கோர்ட்டில். 'இந்தத் துப்பாக்கிங்க வேணுமா, நான் வேணுமா?' என்று அவள் கேட்டதற்கு, யோசிக்க ஒரு வாரம் டைம் கேட்டவன் அவன். நீதிபதி வீட்டை அவளுக்கும் துப்பாக்கிகளை அவனுக்கும் கொடுத்தார். அன்றைக்கு இரண்டு பேருக்குமே திருப்தி.

வண்டியை அவள்தான் ஓட்டினாள். பாதை பிரியும் இடத்தில் இடது பக்கம் போனால் அவனுடைய டிரெய்லர் வீடு. வண்டி வலது பக்கம் சாய்வது அவன் உடம்புக்குத் தெரிந்தது.

"வழி மாறுதே அம்மணி."

"அணில் வறுக்குற இரும்புச் சட்டி என் வீட்டுலதான இருக்கு? அத எடுத்துட்டு உன் வீட்டுக்கா வர முடியும்?"

வாசலில் வண்டி நின்றது. கார்லண்ட் துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு, அணிலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். அந்த வீட்டுக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்பது அவனுக்கு மறக்கவில்லை. படியைக் காலால் தேடி ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னால் வண்டிக் கதவு மறுபடியும் திறக்கும் சத்தம் கேட்டது.

ஆர்லெட்டா துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

"வெயில்ல கெடந்தா கட்ட வெடிச்சுப் போகாதா?" என்றாள்.