இரைச்சல் இல்லாத அறை

ஹெட்போனில் அந்த 'ம்ம்ம்' இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒயர்மேன் அதைக் கழற்றி மேசையில் போட்டார். காலையிலிருந்து இது ஒன்பதாவது முறை.

"ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். மேல்வீட்டு மோட்டாரையும் நிறுத்தச் சொல்லிட்டேன். இனி நம்ம மூச்சத்தான் நிறுத்தணும்," என்றாள் மனைவி.

அறையின் நடுவில், முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகத்துக்கு நேராக மைக். மடியில் ஒரு காகிதக் கட்டு.

பதினைந்து நாளைக்கு முன்பு வரை இது மகளின் அறை. அறை வேண்டுமென்று கேட்டதுமே, அவளே கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது நாலு சுவரிலும் துணி சுற்றிய பஞ்சுப் பலகைகள். ஜன்னலை இரண்டு அடுக்கு ஒட்டுப்பலகை அடைத்திருந்தது. கதவுக்கடியில் ரப்பர் பட்டை.

எல்லாம் அவர் கைவேலை. மீட்டர் பெட்டியிலிருந்து இந்த அறைக்கென்றே தனி லைன் இழுத்திருந்தார். கொல்லையில் குழி தோண்டித் தனி எர்த்தும் போட்டிருந்தார்.

சமையலறை சுவிட்சைச் சரிசெய்ய நாலு வருஷம் இழுத்தடித்த மனுஷன், ஒரு ஸ்டுடியோவைப் பதினைந்தே நாளில் கட்டிவிட்டார். வேறு சமயமாக இருந்தால் அவள் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இறுக்கமாக இருந்த திருகுகளை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். மைக் கேபிளை மாற்றினார். பழையதையே திரும்பச் செருகினார். சுவரைத் தட்டினார். கதவைத் திறந்து மூடினார்.

"மணி பதினொன்னு ஆச்சு. ரெண்டு மணிக்குக் கிளம்பணும்."

"இந்த இரைச்சலோட பதிவு பண்ணினா, காலம் பூரா அதையும் சேர்த்துக் கேக்கணும்."

அவள் மடியிலிருந்த காகிதக் கட்டைத் தட்டி அடுக்கினாள்.

அவர் மேசைக்கடியில் தவழ்ந்து போனார். கணினியின் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனால், அது பழைய பிளக்கில் போய் முடிந்தது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியோ புது லைனில் இருந்தது. இரண்டு லைன், இரண்டு எர்த்து. இரைச்சல் வராமல் என்ன செய்யும்?

அடுத்தவர் வீட்டில் எவனாவது இப்படிச் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார்.

இரண்டையும் ஒரே பிளக்குப் பெட்டியில் செருகிவிட்டு ஹெட்போனை மாட்டினார்.

ஒன்றுமில்லை.

அவள் மடியில் காகிதம் நகரும் சத்தம். அவள் எச்சில் விழுங்கும் சத்தம். அவ்வளவுதான்.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கை மறுபடி ஸ்குரூடிரைவரைத் தேடியது.

"அந்தக் கதவு ரப்பர மட்டும் ஒரு தடவ..."

"போதும். வாங்க."

சோதனைக்காக உட்கார்ந்திருந்த முக்காலியை விட்டு அவள் எழுந்தாள். அவர் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். காகிதக் கட்டை அவர் கையில் வைத்தாள்.

இரண்டு மணிக்கு அவர்கள் கிளம்ப வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. நாளைக் காலை எட்டு மணிக்கு அவருடைய குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு அவர் தட்டச்சு செய்வதையெல்லாம் ஒரு கருவிதான் பேசும். அது அவர் குரலிலேயே பேச வேண்டுமென்றால், குரலை இன்றைக்கே கொடுத்துவைக்க வேண்டும்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியங்கள் முதலில் இருந்தன. கரகரத்த குரலில் ஒவ்வொன்றாகப் படித்தார். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

பின்பக்கங்களை அவள் கையால் எழுதியிருந்தாள்.

"என் கண்ணாடிய எங்க வச்ச?" "யாரு வாசல்ல?" "ஃபேன கொஞ்சம் கூட்டு." மகளைத் திட்ட நாலு வாக்கியம், கொஞ்ச ஆறு.

கடைசித் தாளில் ஒரே ஒரு சொல்.

அவளுடைய பெயர்.

இருபத்திரண்டு வருஷத்தில் அதைப் படிவங்களில் எழுதியிருக்கிறார். வாயால் கூப்பிட்டதில்லை. 'ஏய்', 'இந்தா' இரண்டுமே போதுமானதாக இருந்தன.

நிமிர்ந்து பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னார்.

திரையில் பச்சைக் கோடு ஒரு முறை எழும்பி அடங்கியது. ஹெட்போனை இரு கைகளாலும் அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ," என்றாள். "இப்ப கொஞ்சம் கோவமா."