ஸ்ட்ராபெர்ரி வாசனை

துவைப்பதற்காகத் தினகரனின் காலேஜ் பையை உதறியபோது அது விழுந்தது. பேனா மாதிரி இருந்தது. மோந்து பார்த்தால் ஸ்ட்ராபெர்ரி வாசனை. இழுத்தால் புகை வருகிற சமாச்சாரம் என்பது பூங்காவனத்துக்கு ரீல்ஸ் பார்த்துத் தெரியும்.

"இன்னாடா இது?"

தினகரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"கவர்மெண்டே தடை பண்ண சாமானாச்சே! உங்கப்பாவப் பாருடா. இத்தினி வருஷப் பீடிய வுட்டுட்டு, ஒரு மாசமா தறிய வுட்டே எழுந்திரிக்கறதில்ல. நீ இத்த ஊதிகினு திரியற!"

உள்ளே லோகநாதனின் தறிச் சத்தம் நின்றது.

"அப்பாகிட்ட எதுவும் கேக்காதம்மா" என்றான் தினகரன்.

அதற்குள் போன். பட்டுக்கடை முதலாளி.

"இன்னாம்மா, உங்க வூட்டுக்காரர் நெய்ஞ்ச கல்யாணப் புடவைய பிரிச்சா ஸ்ட்ராபெர்ரி வாசனை அடிக்குது?"

பூங்காவனத்துக்குச் சுருக்கென்றது. மகன் தறிப் பக்கமே போகமாட்டான். பீடி என்றால் பட்டில் பொறி விழுமென்று வெளியே எழுந்து போகவேண்டும். இதற்கு எழுந்திருக்கவே வேண்டாம்.

"என்னங்க!"

தறிக்குழியிலிருந்து லோகநாதன் மெல்லத் தலையைத் தூக்கினார்.

"அது கையில இருந்தா பீடி நெனப்பே வரல, பூங்காவனம்..."

"அதான் நேத்து அப்பாகிட்டேருந்து பிடுங்கி வச்சேன்" என்றான் தினகரன், பெரிய மனுஷன் தோரணையில்.

"உங்களுக்கு எங்க கெடச்சிது இது?"

லோகநாதன் மகனைப் பார்த்தார்.

"போன மாசம் இவன் பையிலேருந்து நான் பிடுங்கினதுதான்."