எங்கே நிக்குது?

“எங்கேம்மா நிக்குது?” மேனேஜர் ஆறாவது தடவையாக வந்து நின்றார்.

“புரோகிராம் துண்டுகளை இணைக்கிற லிங்கர் கிளம்பினதுமே கம்ப்யூட்டர் போர்டு செத்துடுது சார்,” என்றாள் இன்ஜினீயர்.

“நாலு மணிக்கு கஸ்டமர் வந்து நிப்பாங்க!” சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே நடந்தார்.

அவள் புரோகிராமில் ஒரேயொரு வரியை நீக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது.

“அடடே! என்னதான் கோளாறு?”

“பழைய கோளாறு முந்தாநாளே சரியாயிடுச்சு சார். ‘இங்கே வந்துட்டேன்’னு திரையில எழுதச் சொல்ற வரிதான் ரெண்டு நாளா போர்டைக் கொன்னுட்டிருக்கு. லிங்கர் எதையுமே இணைக்காத நேரத்துல, திரையில எழுதற துண்டு எங்கிருந்து வரும்?”

“எந்தப் புண்ணியவான் போட்டது?”

“நான்தான். எங்கே நிக்குதுன்னு நிமிஷத்துக்கொரு தடவை நீங்க என்கிட்ட கேட்டீங்க. நான் அதுகிட்ட கேட்டேன்.”

சாவிச் சத்தம் நின்றது.