விசாவுக்குக் கொடுத்த விலாசம்

"மாட்டுக்கறி திங்கிற ஆளுக்கு என் வூட்டுல சோறா? முடியவே முடியாதுங்க!"

சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள் புவனேஸ்வரி. கணவர் வைத்திலிங்கம் விடவில்லை. பின்னாலேயே வந்தார்.

"காலேஜ் புரொபசர் பொண்டாட்டி பேசுற பேச்சா இது? மனுஷனுக்கு மனுஷன் என்னடி வித்தியாசம்?"

விஷயம் இதுதான். கனடாவிலிருந்து டாக்டர் டேனியல் பார்க்கர் என்றொரு ஆராய்ச்சியாளர் வருகிறார். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கல்லாகிப்போன நத்தை, சிப்பிகளைப் பற்றி ஆராய்ச்சி. விசா கிடைக்க வேண்டுமானால் இங்கே ஒரு கல்லூரி அவரை அழைக்க வேண்டும். தங்க வைக்கவும் பொறுப்பேற்க வேண்டும்.

"வெளிநாட்டு ஆளு, நமக்கெதுக்கு வம்பு?" என்று பெரம்பலூர் கல்லூரியின் பிரின்சிபால் நழுவப் பார்த்தார். வைத்திலிங்கம்தான் மல்லுக்கட்டிக் கையெழுத்து வாங்கினார். தங்குமிடம் என்று சிறுவாச்சூர் பக்கத்துக் கிராமத்திலிருக்கும் தன் வீட்டு விலாசத்தையே கொடுத்துவிட்டார்.

ஊரே அவரை மெச்சியது. மாடி அறைக்குப் பெயிண்ட் அடித்து, வெஸ்டர்ன் டாய்லெட்டும் வைத்தாயிற்று. புவனேஸ்வரிக்கே வெட்கமாகிவிட்டது. இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு நமக்கு ஏன் இத்தனை அற்ப புத்தி என்று நொந்துகொண்டாள்.

டாக்ஸி வந்து நின்றது. இறங்கியவரைப் பார்த்து வைத்திலிங்கம் திகைத்தார். ஃபேக்ஸில் வந்த பாஸ்போர்ட் நகலில் முகம் வெறும் மைத்திட்டாகத்தான் இருந்தது. வந்தவரோ அசல் நம்மூர் நிறம்.

"வணக்கங்க சார். வணக்கங்கம்மா. வூட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லைங்க."

"அட, தமிழ் பேசுறீங்களே!" புவனேஸ்வரி பூரித்துப் போனாள்.

"எங்கப்பாவுக்கு இந்த ஊருதாங்கம்மா, அவரு சொல்லிக் குடுத்த தமிழு. சின்ன வயசுல வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருத்தர் எடுத்து வளர்த்து, தன் பேரையும் குடுத்து, கனடாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அப்பா பொறந்த ஊரைப் பாக்கலாம்னுதான் உங்க காலேஜுக்கே எழுதுனேன்."

"இந்த ஊரா? எந்த வூடு?" வைத்திலிங்கத்தின் குரல் இறங்கிவிட்டது.

"காலனிங்க சார். அமாவாசையோட பேரன்."

 வைத்திலிங்கம் மனைவியை அடுப்படிக்கு இழுத்துப் போனார்.

"டவுன்ல ஒரு லாட்ஜ் பாத்து அனுப்பிடுறேன். சோறு கீறு போட்டுத் தொலைச்சிடாத."

"என்னங்க இது? நீங்கதானே பொறுப்புன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"வெள்ளைக்காரன்னு நெனச்சுல்லடி குடுத்தேன்!"

புவனேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியது இந்த ஆளோடா? நேராகக் கூடத்துக்கு வந்து தலைவாழை இலையைப் போட்டாள்.

"தம்பி, கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அடுப்படி வாசலில் நின்ற கணவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"லாட்ஜுல ரூம் போடுங்க. ஆனா, போய்த் தங்கப்போறது நீங்க."