உள்ளே தெரிகிற டேங்க்

திண்டிவனத்து இனியவன் தன் கார்ப்பெட் கழுவும் வேனில் இரண்டு டேங்க் பொருத்தினான். நல்ல தண்ணீருக்குக் கறுப்பு டேங்க். உறிஞ்சியெடுக்கும் அழுக்குத் தண்ணீருக்கு, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற வெள்ளை டேங்க். அழுக்கைக் கண்ணால் பார்த்துவிட்டால் தெருவே தன்னைக் கூப்பிடும் என்று நம்பினான்.

முதல் வேலை விழுப்புரத்தில், இசைவாணி வீட்டில். மெஷின் ஓட ஓட வெள்ளை டேங்க் டிகாஷன் நிறத்துக்கு வந்தது. தெருப் பெண்கள் வேனைச் சூழ்ந்தார்கள். மயிலம் கோயிலிலிருந்து அப்போதுதான் திரும்பிய எதிர்வீட்டு மலர்விழி, பையைக்கூட இறக்கி வைக்காமல் முன்வரிசைக்கு வந்துவிட்டாள்.

"இன்னாடி இது, சாக்கடையாட்டம்? இதும்மேலயா இத்தினி நாளா உக்காந்துகினு இருந்தாங்க?"

பெண்கள் சிரித்தார்கள். இந்தத் தெரு கைக்கு வந்துவிட்டது என்று இனியவனுக்கு உள்ளம் குளிர்ந்தது.

இசைவாணி வாசலுக்கு வந்தாள். "நாளைக்கு நிச்சயதார்த்தத்துக்கு விரிக்கத்தான்க்கா கழுவுறேன். நீங்க கோயிலுக்குப் போனதும் உங்க வீட்டுக்காரர்தான் எடுத்துக் குடுத்தாரு. உங்க ஹால்ல கெடந்த கார்ப்பெட்தான்."

எல்லோரும் மலர்விழியைப் பார்த்தார்கள். மலர்விழி டேங்கைப் பார்த்தாள்.

"தம்பி, ஜல்தியா எதுனா துணி போட்டு அத்த மூடுப்பா."

மறுநாளே இனியவன் வெள்ளை டேங்குக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்தான். அதன்பிறகுதான் அந்தத் தெருவிலிருந்து போன்மேல் போன் வந்தது.