சின்ன எஞ்சினுக்குக் கிடைத்த கைதட்டல்

சின்னக் கார் ஒன்றில் ஒரு எஞ்சின் இருந்தது. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்தே அதற்கு அலுத்துவிட்டது. ஒருநாள் டிக்கியில் வேகம் கூட்டும் நைட்ரஸ் என்ற சிரிப்பு வாயு அடைத்த நீலச் சிலிண்டர் குடிவந்தது.

"ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பாரு தம்பி," என்றது சிலிண்டர்.

எஞ்சின் இழுத்தது. உடம்பெல்லாம் குபீரென்று சிரிப்பு! முன்னால் போன பஸ் பின்னால் போய்விட்டது. "இன்னும், இன்னும்!" என்று கூத்தாடியது எஞ்சின்.

"அண்ணே, நீங்க இழுக்கிற வாயுவுக்கு ஈடா நான் பெட்ரோல் ஊத்தணும். என்னால இவ்வளவுதான் முடியும்," என்று மூச்சிரைத்தது எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் பம்பு. "இதுக்கு மேல இழுத்தா உள்ளே வெந்துபோயிரும்."

"போடா அழுமூஞ்சி!" என்று எஞ்சின் விழுந்து விழுந்து சிரித்தது. சிலிண்டரும் குஷியாகி முழுசாகத் திறந்துகொண்டது.

உடனே படபடவென்று ஒரு சத்தம். எஞ்சினுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டியாடா? ஊரே எனக்குக் கைதட்டுது!"

"ஐயோ அண்ணே, அது உங்க பிஸ்டன் உடையிற சத்தம்!" என்று அலறியது பம்பு.

புகையோடு கார் நடுரோட்டில் நின்றது. ஒரு லாரி வந்து கயிறு கட்டி இழுத்துப் போனது. வழியெல்லாம் எஞ்சின் அந்த லாரியைக் கேட்டுக்கொண்டே போனது:

"அண்ணே, அந்தக் கைதட்டல் உங்க வரைக்கும் கேட்டுச்சா?"